செம்மஞ்சள் சொல்லாத கணக்கு

இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் நிறக்குறி கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டதெல்லாம் செம்மஞ்சள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் செம்மஞ்சளைக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நிறம் காட்டுவது சீனியின் செறிவை. நாம் குடிப்பதோ முழுப் போத்தலை. 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள பானமும் செம்மஞ்சள்தான். அதில் 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம், ஏறத்தாழ எட்டுத் தேக்கரண்டி சீனி உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனமோ, வளர்ந்தவர்களுக்கே நாளொன்றுக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அளவு இன்னும் குறைவு.

சோடாவுக்குப் பதில் பழச்சாறு கொடுக்கிறோமே என்று கேட்கலாம். பழத்தைக் கடித்துத் தின்றால் நாரும் சேரும், வயிறும் நிறையும். பிழிந்த சாற்றில் இருக்கும் சீனியை அந்த நிறுவனம் மேலதிகமாகச் சேர்த்த சீனியோடு ஒன்றாகவே எண்ணுகிறது. பிள்ளைகள் இனிப்பில்லாமல் குடிக்க மாட்டார்கள் என்பது அடுத்த வாதம். நாக்கு பழக்கத்துக்கு அடங்குவது. தேநீரில் சீனியை வாரம் கொஞ்சமாகக் குறைத்தால் பெரிதாகத் தெரியாது. ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி போடும் வீட்டில் போத்தலை மட்டும் திட்டுவதும் நியாயமில்லையே! தாகத்துக்குத் தண்ணீர், சோற்றோடு மோர், வெயிலுக்கு எப்போதாவது செவ்விளநீர். இளநீரிலும் இயற்கைச் சீனி உண்டு, ஆனால் சோடாவில் உள்ளதைவிட நன்றாகக் குறைவு.