குத்தகை நிலத்தில் அடுக்குமாடி வீடு: ஆண்டுகள் தீர்வதற்குள் நீட்டிப்பது எப்படி?

புதுதில்லி: நொய்டாவிலோ நவி மும்பையிலோ அடுக்குமாடி வீடு வாங்கும் பலர், அது நிற்கும் நிலத்தை வாங்குவதில்லை. நிலம் அரசு அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகையாக மட்டுமே தரப்படுகிறது. அந்த ஆண்டுகள் குறையக் குறைய வீட்டை விற்பதும் அடமானம் வைப்பதும் கடினமாகின்றன. ஆயினும், குத்தகையை நீட்டித்துத் தருமாறு கோரும் உரிமையை வீட்டு உரிமையாளருக்கு வழங்கும் தேசிய அளவிலான சட்டம் இந்தியாவில் இல்லை. எல்லாம் பத்திரத்தின் வாசகத்தையும் அந்தந்த மாநில அரசின் முடிவையும் பொறுத்தே அமைகின்றன.

தமிழ்நாட்டில் 'லீசுக்கு வீடு' என்றால் மொத்தத் தொகை கொடுத்துச் சில ஆண்டுகள் குடியிருக்கும் போக்கியமே நினைவுக்கு வரும். இது வேறு. இங்கு அடுக்குமாடி வீட்டின் விற்பனைப் பத்திரத்தோடு நிலத்தின் பிரிக்கப்படாத பங்கும் எழுதித் தரப்படுவதே பொது வழக்கம் என்பதால், வட மாநிலங்களில் வீடு வாங்கும் தமிழர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறக்கூடும்.

குத்தகைக் காலம் ஊருக்கு ஊர் மாறுகிறது. நவி மும்பையில் சிட்கோ நிறுவனம் 60 ஆண்டுகளுக்கும், நொய்டா ஆணையம் 90 ஆண்டுகளுக்கும் நிலம் அளித்தன. கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் அது 999 ஆண்டுகள். அங்கு வசிப்போர்க்குக் காலாவதி ஒரு கவலையே இல்லை.

எஞ்சிய ஆண்டுகளைக் கணக்கிடுவதிலேயே பலர் தவறுகின்றனர். குத்தகை தொடங்குவது வீடு வாங்கிய நாளில் அன்று. கட்டுமான நிறுவனத்துக்கு மனை ஒதுக்கப்பட்டு அதற்குப் பத்திரம் எழுதப்பட்ட நாளில். 2005இல் 90 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்ட மனையில் 2025இல் வீடு வாங்கியவருக்குக் கிடைப்பது 70 ஆண்டுகளே. நவி மும்பையில் 1975இல் தொடங்கிய 60 ஆண்டுக் குத்தகை என்றால் 2035இல் முடிந்துவிடும். கடன் தீர்ந்த பின்னரும் குத்தகையில் போதிய ஆண்டுகள் மிஞ்சியிருக்க வேண்டும் என வங்கிகள் எதிர்பார்ப்பதால், இத்தகைய வீட்டை வாங்க முன்வருவோருக்குக் கடன் கிடைப்பதே சிக்கலாகிறது.

காலம் முடிந்தால் என்ன ஆகும்?

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, காலம் முடிந்ததும் குத்தகை தானாகவே முடிவுக்கு வருகிறது. அதன் பின்னரும் குத்தகைதாரர் தொடர்ந்து இருந்து, நில உரிமையாளர் வாடகையைப் பெற்றுக்கொண்டால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், குடியிருப்புக் குத்தகை மாதந்தோறும் தொடர்வதாகவே அச்சட்டத்தின் 116ஆவது பிரிவு கொள்கிறது. அதாவது, பல லட்சம் கொடுத்து வாங்கியவரின் நிலை சட்டத்தின் பார்வையில் மாத வாடகைதாரரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்ற எந்த அரசும் எளிதில் துணியாது என்பது உண்மைதான். ஆனால் விற்பனை, கடன், பழைய கட்டடத்தை இடித்து மறுகட்டுமானம் செய்தல் ஆகிய மூன்றும் முடங்குவதற்கு வெளியேற்ற உத்தரவு தேவையில்லை.

எனவே முதலில் பார்க்க வேண்டியது, மூலக் குத்தகைப் பத்திரத்தில் உள்ள புதுப்பித்தல் பிரிவு. 'புதுப்பிக்கப்படும்' என்பதற்கும் 'புதுப்பிக்கப்படலாம்' என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னது உரிமை, பின்னது நில உரிமையாளரின் விருப்பம். விண்ணப்பிக்கக் காலக்கெடு உள்ளதா, புதிய வாடகை எவ்வாறு கணக்கிடப்படும் என்பனவும் அங்கேயே இருக்கும். 'நீட்டித்தல்', 'புதுப்பித்தல்' ஆகிய சொற்களும் ஒன்றல்ல. நீட்டிப்பு என்பது பழைய குத்தகையின் தொடர்ச்சி. புதுப்பிப்புக்குப் புதிய பத்திரம் எழுதப்பட வேண்டும் என்று 1989இல் பிரவாஸ் சந்திர தலுய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவாயினும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதால், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கூடுதல் செலவாகும்.

அடுத்து, யார் விண்ணப்பிப்பது என்ற கேள்வி. நவி மும்பையின் பல குடியிருப்புகளில் நிலத்தின் குத்தகைதாரர் தனி வீட்டு உரிமையாளர் அல்லர். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம். அங்கே ஒருவர் மட்டும் தம் வீட்டுக்கு நீட்டிப்புப் பெற முடியாது. சங்கத்தின் பொதுக்குழு தீர்மானம் நிறைவேற்றி, உறுப்பினர்களிடம் தொகை திரட்டி விண்ணப்பிக்க வேண்டும். சிட்கோ குத்தகைகளை ஒருமுறைக் கட்டணம் பெற்று நீட்டிக்கவும், முழு உரிமையாக மாற்றவும் மகாராஷ்டிர அரசு அண்மை ஆண்டுகளில் முடிவெடுத்துள்ளது. நிலுவை வாடகை, அனுமதியற்ற கட்டுமானம் போன்றவை இருந்தால் முதலில் அவற்றைத் தீர்ப்பது நல்லது.

தில்லி வேறு பாதையில் சென்றது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் வீடுகளைக் கட்டணம் செலுத்தி முழு உரிமையாக மாற்றிக்கொள்ளும் திட்டம் 1992இல் வந்தது. ஒருமுறை மாற்றிவிட்டால் நீட்டிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குத்தகைக் கட்டுப்பாடுகளைத் தவிர்ப்பதற்காகப் பொது அதிகாரப் பத்திரம் மூலம் வீடுகளை விற்கும் பழக்கம் அங்கு நெடுங்காலமாக இருந்தது. அத்தகைய பத்திரம் உரிமையை மாற்றித் தராது என 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழியில் வாங்கியவர்கள் முழு உரிமை பெற வேண்டுமானால், மாற்றுக் கட்டணத்துடன் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகவும் செலுத்த வேண்டும்.