சுருட்டு: சரக்கறிந்து விற்போம்

திருமங்கலம் வட்டார மளிகைக் கடைகளில் சுருட்டு கேட்டு வருவோர் இன்று வெகு சிலரே. விற்பனை குறைவு என்பதால் அதை ஏதோ ஒரு மூலையில் போட்டு வைக்கிறோம். அப்படி வைத்து நான் தலைகுனிந்த கதையைச் சொல்கிறேன்.

மெல்லிய காரச் சுருட்டுக் கட்டு ஒன்றைச் சோப்புப் பெட்டிக்கு அருகில் வைத்துவிட்டேன். வாங்கிப் போன பெரியவர் மறுநாளே வந்தார். "என்னப்பா, சோப்பைச் சுருட்டி வித்திருக்கே?" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

பெரியவர் சொன்ன பாடம்

நல்ல சுருட்டு விரலால் அமுக்கினால் மெத்தென்று கொடுக்கும், நொறுநொறுத்தால் காய்ந்துவிட்டது. ஒல்லிச் சுருட்டு சீக்கிரம் சூடேறும். அவசரமாக இழுத்தால் கசக்கும். நிதானமாகப் பிடித்தால்தான் காரமும் மணமும் தெரியும். புகையை வாயோடு நிறுத்தி விட்டுவிட வேண்டும். வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும். கடைசித் துண்டில் காரம் ஏறும்போது எறிந்துவிட வேண்டும்.

உலகறிந்த சரக்கு

'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு' தந்ததுதான். திருச்சி உறையூர்ச் சுருட்டு கடல் கடந்து புகழ் பெற்றது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே, கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். சர்ச்சில் அதை விரும்பினார் என்றும் சொல்வார்கள். நமக்கு வடக்கே திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனியே சுருட்டு ஆலை நடத்தியது. வேடசந்தூர்ப் பகுதி புகையிலைக்குப் பெயர் பெற்றது.

கடையில் கவனிக்க

சோப்பு, சூடம், ஊதுபத்தி, கருவாடு இவற்றின் அருகில் வைக்காதீர்கள். வாடையை இழுத்துக் கொள்ளும். மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கோடையில் காய்ந்து உடையும். மூடியுள்ள மரப் பெட்டியே நல்லது. சுருட்டில் சிறு துளைகள் தெரிந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். புகையிலையைத் துளைக்கும் அந்தச் சிறு வண்டு மல்லி, மஞ்சள், மிளகாயையும் விட்டு வைக்காது. ஐம்பது ரூபாய்ச் சரக்கால் ஐயாயிரம் ரூபாய்ச் சரக்கு கெடலாம்.

2003-ம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள்ளும் விற்பனை கூடாது. எச்சரிக்கைப் பலகை அவசியம்.

கடைசியாக ஒன்று

புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு. எனக்குப் பாடம் சொன்ன பெரியவருக்கும் சில வருடங்களில் வாயில் ஆறாத புண் வந்தது. வைத்தியம் பார்த்துத் திரும்பியவர் டீத்தூள் மட்டும் வாங்கினார். "கேட்டு வர்றவனுக்குக் குடு. நீயா எடுத்து நீட்டாதே" என்றார்.

அன்றிலிருந்து என் கடையில் சுருட்டுப் பெட்டி உண்டு. ஆனால் முன்வரிசையில் இல்லை.