இடக்கையால் விமானம் ஓட்டலாமா?



உலக மக்களில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் மூவரோ நால்வரோ இடக்கையால் எழுதுவதை நாம் காண்கிறோம். கத்தரிக்கோல் அவர்களுக்கு எதிரி. சுருள்கம்பி நோட்டு அவர்கள் மணிக்கட்டைக் குத்தும். மைப் பேனாவால் எழுதினால் எழுதிய வரியைத் தம் கையாலேயே அழித்துக்கொண்டு போவர். இவையெல்லாம் நாம் அன்றாடம் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துபோகும் சங்கதிகள்.

ஆனால் சென்ற கோடை விடுமுறையில் நடந்த ஒன்றை எங்களால் மறக்க முடியவில்லை. எங்கள் தோழி ஒருத்திக்கு விமானியாக வேண்டும் என்பது சிறுவயது முதலே ஆசை. அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டப் பழகும் சிமுலேட்டர் இருக்கிறது. அதற்கென அவளுடைய அண்ணன் வாங்கி வைத்த ஜாய்ஸ்டிக் ஒன்றும் உண்டு. இவளோ இடக்கைப் பழக்கம் உடையவள். எத்தனை முறை முயன்றாலும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்தரையில் போய் விழும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். கடைசியில் ஒரு நாள், "எனக்கு இது வராது. என் கையே அப்படி. நான் பி.காம். படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பி.காம். படிப்பது நல்லதே. ஆனால் கையின் மேல் பழியைப் போட்டுக் கனவைக் கைவிடுவது சரியா? எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. குற்றம் கையிலா, கருவியிலா என்று ஆராயப் புகுந்தோம். அதில் நாங்கள் அறிந்துகொண்டவற்றையே இங்குத் தருகிறோம்.

விமானத்தை இயக்கும் கைகளும் கால்களும்

விமானி முதன்மையாக இயக்குபவை மூன்று. முதலாவது, ஜாய்ஸ்டிக் எனப்படும் கைத்தண்டு. அதைப் பின்னுக்கு இழுத்தால் விமானத்தின் மூக்கு உயரும்; முன்னுக்குத் தள்ளினால் தாழும்; பக்கவாட்டில் சாய்த்தால் விமானம் அந்தப் பக்கம் சாயும். இரண்டாவது, த்ராட்டில் என்னும் நெம்புகோல். இது எஞ்சினின் சக்தியைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது. மூன்றாவது, காலால் மிதிக்கும் மிதிகள். இவை வாலில் உள்ள சுக்கானைத் திருப்பி மூக்கை இடமோ வலமோ நகர்த்தும்.

கைத்தண்டும் கால் சுக்கானும் சேர்ந்த இந்த ஏற்பாடு 1908ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் லூயி பிளேரியோ கட்டிய விமானத்தில் இடம் பெற்றுவிட்டது. மறு ஆண்டு ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த அதே பிளேரியோதான் இவர்.

ஒருவர் மட்டும் அமரும் போர் விமானங்களில் தண்டு இரு கால்களுக்கும் நடுவே இருந்தது. த்ராட்டில் இடப்புறச் சுவரில் இருந்தது. ஆதலால் வலக்கை தண்டையும் இடக்கை த்ராட்டிலையும் பற்றுவது வழக்கமாயிற்று. 1974ல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க எஃப்-16 விமானத்தில் தண்டை நடுவிலிருந்து எடுத்து வலப்புறத்தில் வைத்தார்கள். அதில் இடக்கைப் பழக்கம் உடைய விமானியும் வலக்கையால்தான் ஓட்டியாக வேண்டும்.

கடைகளில் விற்கும் பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகள் இந்தப் போர் விமான அமைப்பைப் பார்த்தே செய்யப்பட்டவை. எங்கள் தோழியின் தொல்லைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

கேப்டனின் இடக்கை

இனித்தான் எங்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி. பயணிகள் விமானத்தில் கேப்டன் இடப்பக்க இருக்கையில் அமர்வார். துணை விமானி வலப்பக்கத்தில் அமர்வார். த்ராட்டில் இருவருக்கும் நடுவில் பொதுவாக இருக்கும். அப்படியானால் கேப்டனின் வலக்கை த்ராட்டிலில் இருக்கும். விமானத்தை ஓட்டுவது இடக்கை!

1987ல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ-320 விமானத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் சக்கரம் போன்ற பிடி கிடையாது. கேப்டனுக்கு இடப்புறமும் துணை விமானிக்கு வலப்புறமும் சிறிய பக்கத்தண்டு ஒன்று உண்டு. துணை விமானியாக இருந்த காலமெல்லாம் வலக்கையால் ஓட்டியவர், கேப்டனாகப் பதவி உயர்ந்ததும் இடக்கையால் ஓட்டக் கற்றுக்கொள்கிறார். பயிற்சிக்குப் பெயர்போன செஸ்னா 172 என்னும் சிறு விமானத்திலும் மாணவர் இடப்பக்கம் அமர்ந்து இடக்கையால் பிடியைப் பற்றுவார். வலப்பக்கம் அமரும் ஆசிரியர் வலக்கையால் பற்றுவார்.

இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தின் தொடக்கக் காலக் கதை சுவையானது. தரையை விட்டு எழும்பியதும் சக்கரங்களை உள்ளே இழுக்க விமானி ஒரு கைப் பம்பை அடிக்க வேண்டும். அது வலப்புறம் இருந்தது. ஆகவே தண்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் பம்பு அடித்தார்கள். பழகாதவர் அடிக்கும்போது இடக்கையும் சேர்ந்து ஆடும். விமானம் தண்ணீரில் துள்ளும் மீனைப்போல் மேலும் கீழும் குதிக்கும்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? வானம் எந்தக் கையையும் விலக்கி வைக்கவில்லை. விமானியாவோருக்கு இரு கைகளும் வேண்டும்; இரண்டும் பழகும்.

வீட்டுக்குள் வந்த விமானம்

தரையிலிருந்தே பறக்கப் பழகும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பவரின் குடும்பத்தார் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தனர். ஆர்கனில் காற்றை ஊதும் துருத்திகளைக் கொண்டே அவர் 1929ல் ஆடி அசையும் பயிற்சிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். 1934ல் தபால் விமானங்களை ஓட்டிய இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் உயிரிழந்தனர். அதன் பின்னரே அந்நாட்டு இராணுவம் அப்பெட்டிகளில் ஆறினை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அதில் பயிற்சி பெற்றனர். கோவில் இசைக்கருவியின் துருத்தி எத்தனை உயிர்களைக் காத்தது, பாருங்கள்!

1982ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஃப்ளைட் சிமுலேட்டரை வெளியிட்டது. விமானியின் அறை வீட்டு மேசைக்கே வந்தது. வந்த இடத்தில் இடக்கையர் எப்படி அமர்வது என்பதே நம் கேள்வி.

மூன்று வழிகள்

முதல் வழி, தண்டை வலக்கையிலும் த்ராட்டிலை இடக்கையிலும் வைத்து ஊரோடு ஒத்து ஓட்டுவது. போர் விமான விளையாட்டில் விருப்பம் உள்ளவர்களுக்கு இது தவறன்று. அவ்வகை த்ராட்டிலில் பொத்தான்கள் நிறைய இருக்கும். திறமையுள்ள இடக்கைக்கு அங்கே வேலையும் நிறைய இருக்கும். எந்தக் கடையிலும் பொருள் கிடைக்கும் என்பதும் ஒரு வசதி. ஆனால் நுட்பமான அசைவெல்லாம் வலக்கையின் பொறுப்பாகிவிடும். சில வாரம் பொறுமையாகப் பழகியும் வலி தீரவில்லையென்றால் வற்புறுத்தக் கூடாது.

இரண்டாவது வழி, கேப்டனைப்போல் தண்டை இடக்கையிலும் த்ராட்டிலை வலக்கையிலும் வைப்பது. பயணிகள் விமானம் ஓட்ட விரும்புவோருக்கு இதுவே இயற்கையானது. இதற்குத் தண்டும் த்ராட்டிலும் ஆகிய இரண்டுமே கைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். அதைக் கீழே விளக்குகிறோம்.

மூன்றாவது வழி, யோக் எனப்படும் சக்கரப் பிடி. இது இரு பக்கமும் ஒரே உருவம் உடையது; எந்தக் கையாலும் பற்றலாம். செஸ்னா போன்ற சிறு விமானங்களைப் பழக ஏற்றது. ஆனால் மேசையில் அதிக இடம் பிடிக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தண்டின் உருவத்தை முதலில் பாருங்கள். பல தண்டுகள் வலது உள்ளங்கைக்கென்றே குடைந்து செய்யப்பட்டவை. இடக்கையால் பற்றினால் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மேடு இருக்கும். கைத்தாங்கி தவறான பக்கம் நீண்டிருக்கும். எங்கள் தோழிக்கு நேர்ந்தது இதுவே. அவள் அந்தத் தண்டை இடக்கையாலும் பிடித்துப் பார்த்தாள். வலக்கையாலும் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் உருவம் பொருந்தவில்லை, மற்றதில் பழக்கம் பொருந்தவில்லை.

இதற்கு மாற்று உண்டு. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் என்னும் தண்டில் சில பாகங்களைக் கழற்றி மாற்றினால் அது இடக்கைக்கு உரியதாகிவிடும். அதே நிறுவனம் ஏர்பஸ் பக்கத்தண்டைப் போலச் செய்துள்ள தண்டிலும் இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம். வி.கே.பி. நிறுவனத்தின் கிளாடியேட்டர் வகையில் இடக்கைக்கென்றே தனியாகச் செய்த தண்டும் உண்டு.

அடுத்தது த்ராட்டில். போர் விமான த்ராட்டில்கள் இடக்கை விரல்களுக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை. அதை வலப்புறம் வைத்தால் கட்டைவிரலுக்குரிய பொத்தான்கள் சுண்டுவிரல் பக்கம் போய்விடும். ஆகவே தண்டை இடப்புறம் மாற்றுவோர், பயணிகள் விமானத்தில் உள்ளதுபோல் நேரான நெம்புகோல்கள் கொண்ட த்ராட்டிலைத் தேர்வதே நலம். அதற்கு இடம் வலம் கிடையாது. தொடக்கத்தில் த்ராட்டிலைத் தனியாக வாங்கவும் வேண்டியதில்லை. மேலே சொன்ன இரு த்ரஸ்ட்மாஸ்டர் தண்டுகளின் அடிப்பாகத்திலும் சிறிய த்ராட்டில் ஒன்று இருக்கிறது. தண்டு ஒரு கையில் இருக்க, மறு கையால் அதை நகர்த்தலாம்.

மூன்றாவதாக, சுக்கான். மிதிகள் இல்லாதவர்களுக்காகப் பல தண்டுகளை முறுக்கினால் சுக்கான் திரும்பும்படி செய்திருக்கிறார்கள். பழகாத கை தண்டை இழுக்கும்போது தன்னை அறியாமல் முறுக்கியும் விடும். ஓடுபாதையை விட்டு விமானம் விலகுவதற்கு இது ஒரு காரணம். கால் மிதிகள் வாங்க முடிந்தால் கைகளின் பாரம் குறையும். கால்களுக்கு வலக்கை இடக்கை வழக்கு ஏது?

நான்காவதாக, உள்ளே இருக்கும் உணரி. சில தண்டுகளில் கரிப்பட்டையின் மேல் உரசும் உணரி உண்டு. நாளடைவில் தேய்ந்து, கை அசையாதபோதும் விமானம் துடிக்கும். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் உணரியில் உரசல் இல்லை. 1879ல் எட்வின் ஹால் கண்ட விளைவின் பயன் இது. தண்டு தேய்ந்திருப்பதைத் தம் கையின் குறை என்று எண்ணி வருந்துவோரும் உண்டு.

ஐந்தாவதாக, மேசை. கம்ப்யூட்டர் அறைகளில் மௌஸ் வலப்புறமே இருப்பதால் இடக்கையர் பலர் அதை வலக்கையால் நகர்த்தப் பழகியிருப்பர். அவர்களுக்குத் தண்டு இடப்புறம் இருப்பது பெரும் வசதி. முழங்கை தொங்காமல், மணிக்கட்டு மடங்காமல் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பொத்தான்களின் வேலைகளைச் சிமுலேட்டரின் அமைப்புப் பக்கத்தில் நம் விருப்பம்போல் மாற்றலாம். அடிக்கடி வேண்டியவற்றைத் தண்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்லாத சோதனை

இக்கருவிகளின் விலை சிறிதன்று. ஆகவே பெற்றோரிடம் கேட்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். தெரிந்தவர் வீட்டில், இரு பக்கமும் ஒரே உருவம் உள்ள ஏதேனும் ஒரு தண்டைக் கொண்டு மூவாயிரம் அடி உயரத்தில் ஐந்து நிமிடம் விமானத்தை நேராக ஓட்டிப் பாருங்கள். முதலில் ஒரு கை, பிறகு மறு கை. எந்தக் கையில் உயரம் குறைவாக ஏறி இறங்கியது என்று நோட்டில் குறியுங்கள். ஒரே நாளில் முடிவு செய்யாமல் ஒரு வாரம் இவ்வாறு பாருங்கள். நாங்கள் சமையலறைச் சப்பாத்திக் கட்டையை நிறுத்திப் பிடித்து, உட்காரும் உயரத்தைக்கூட அளந்தோம். அம்மாமார்கள் சிரித்தார்கள், ஆனாலும் அளவு சரியாகவே வந்தது.

நிறைவாக

திருவிவிலியத்தில் நீதித் தலைவர்கள் நூலில் இஸ்ரயேல் மக்களை மீட்ட ஏகூது இடக்கைப் பழக்கம் உடையவர். அதே நூலில், குறி தவறாமல் கவண் எறியும் எழுநூறு இடக்கையர்களும் வருகிறார்கள். இடக்கையைக் குறையாக எண்ணிக் குழந்தையின் கையில் தட்டும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. பெரியோர்களை நாங்கள் பணிவுடன் வேண்டுவது ஒன்றே: பிள்ளை தடுமாறும்போது கையைத் திருத்துமுன் கருவியைச் சற்றுப் பாருங்கள்.

எங்கள் தோழி என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? இரு கைக்கும் பொருந்தும் தண்டு ஒன்றை அவளுடைய மாமா வாங்கிக் கொடுத்தார். முதல் வாரம் புல்தரைதான். மூன்றாம் வாரம் விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறங்கியது. நாங்கள் கைதட்டிய ஓசை கேட்டு அவள் பாட்டி ஓடி வந்துவிட்டார்கள். இப்போது அவள் கணிதமும் இயற்பியலும் எடுத்துப் படிக்கிறாள். விமானியாவாளா என்பது இறைவன் சித்தம். ஆனால் "என் கையே அப்படி" என்று சொல்வதை விட்டுவிட்டாள்.

1920ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், லொரேட்டோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்த அன்னை வலக்கையரையும் இடக்கையரையும் ஒருங்கே காத்து, நம் பள்ளியிலிருந்து பறக்கப் போகும் ஒவ்வொருத்தியையும் பத்திரமாகத் தரையிறக்குவாராக!