காற்றில் வந்த நற்குரல்கள்

மனிதனைப் படைத்த இறைவன், அவனுக்குப் பேச்சையும் கற்றுத் தந்ததாகத் திருமறையின் 'அர்ரஹ்மான்' அத்தியாயம் தொடக்கத்திலேயே எடுத்துரைக்கின்றது. மக்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்று என்று 'அர்ரூம்' அத்தியாயம் அறிவிக்கின்றது. ஆகவே, குரல் என்பது மனிதன் தானாகத் தேடிக்கொண்ட பொருளன்று. அது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்த அமானிதத்தைச் செவ்வனே காத்துச் சென்றவர்களை நினைவுகூர்வது நன்றியுணர்வின் ஒரு கூறாகும்.

ஊர்ப் பொது வானொலி

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் முதியவர்களைக் கேட்டால், தம் இளமைக்காலத்தை வானொலியோடு சேர்த்தே நினைவுகூர்வர். சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும், கோவை நிலையம் 1966ஆம் ஆண்டிலும் தோன்றின. ஊராட்சி அலுவலகத்துப் பொது வானொலியின் முன்னே மாலையில் ஊரே திரண்டிருக்கும். சொந்தமாகப் பெட்டி வைத்திருந்தவர் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. திருச்செங்கோட்டிலும் இராசிபுரத்திலும் குழித்தறியில் அமர்ந்து நெய்தவர்க்கும், சேகோ ஆலைகளில் உழைத்தவர்க்கும், நெடுஞ்சாலைத் தேநீர்க் கடைகளில் சற்றே இளைப்பாறிய நாமக்கல் லாரி ஓட்டுநர்க்கும் அந்தப் பெட்டியே துணையாயிருந்தது.

அப்பெட்டியிலிருந்து வந்த குரல்களில் பெரும்பங்கு கடல் கடந்து கொழும்பிலிருந்து வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1952ஆம் ஆண்டு மத்திய அரசில் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமின்றிச் செய்தார். நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் 'விவித் பாரதி' தொடங்கப்பட்டது. அதற்குள் இலங்கை வானொலி தமிழர் இல்லங்களில் உறவினர்போல் இடம்பெற்றுவிட்டது.

இதில் சேலத்தார் எண்ணி மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. யேற்காடு சாலையிலிருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, 1950ஆம் ஆண்டு வெளிவந்த 'மந்திரி குமாரி' முதலிய படங்களுக்குப் பாடல் புனைந்தவர் கவி கா.மு. ஷெரீப் (1914 - 1994) அவர்கள். சேலத்தில் பிறந்த படப்பாடல்கள் இசைத்தட்டுகளாய்க் கடல் கடந்து கொழும்பு சென்று, மீண்டும் வானலையில் ஏறிச் சேலத்துத் தறிக்கூடங்களுக்கே திரும்பி வந்தன. எழுதிய கவிஞரை நேயர்களிற் பலர் அறியார். அவர்தம் சொற்களோ எல்லார் நாவிலும் இருந்தன.

முகமறியா உறவு

மயில்வாகனம், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகிய இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் பெயர்களை இன்றும் நம்மூர்ப் பெரியவர்கள் அன்போடு உச்சரிப்பர். இவர்களுள் கே.எஸ். ராஜா 1989ஆம் ஆண்டு கொழும்பில் கொலையுண்டார். கோடிக்கணக்கானோரை மகிழ்வித்த ஒரு குரலை மனிதக் கரங்களே மாய்த்தன. ஓர் உயிரை அநியாயமாகப் பறிப்பது மனிதகுலம் முழுவதையும் கொன்றதற்கு ஒப்பானது என்னும் இறைமறையின் எச்சரிக்கை இத்தகைய வேளைகளில் நெஞ்சைச் சுடுகின்றது.

அப்துல் ஹமீது அவர்களின் பெருமை அவருடைய உச்சரிப்பில் இருந்தது. ல, ள, ழ என்னும் மூன்றும் அவர் நாவில் மயங்கியதில்லை. வானொலியில் அவர் வளர்த்த 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி பின்னாளில் தொலைக்காட்சிக்கும் வந்து தமிழ்நாட்டு இல்லங்களில் இடம்பெற்றது. தமிழைப் பிழையறப் பேசுவதற்கு ஒரு முஸ்லிம் அறிவிப்பாளரை முன்மாதிரியாகப் பிள்ளைகளுக்குக் காட்டிய ஆசிரியர்கள் பலர். அப்பிள்ளைகளின் சமயம் எதுவாயினும் அது குறுக்கே நிற்கவில்லை. மக்களைப் பல குலங்களாகவும் கிளைகளாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று 'அல்ஹுஜுராத்' அத்தியாயம் கூறும் கருத்துக்கு, முகமறியாமலே மலர்ந்த இவ்வுறவு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நம் நாட்டு வானொலியும் இத்தகைய குரல்களுக்குக் குறைவில்லாதிருந்தது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நாடு விடுதலை பெற்ற செய்தியை டில்லியிலிருந்து தமிழில் வாசித்தவர் பூர்ணம் விசுவநாதன். அதே டில்லியிலிருந்து நெடுங்காலம் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி 2022ஆம் ஆண்டு மறைந்தார். சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' வாயிலாக நகைச்சுவையும் நற்போதனையும் கலந்து வழங்கிய தென்கச்சி கோ. சுவாமிநாதன் 2009ஆம் ஆண்டு மறைந்தார். 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், குரலோடு முகமும் வந்து சேர்ந்தது.

இசைமுரசு

இக்குரல்களுள் முஸ்லிம் இல்லங்கள் தம் சொந்தக் குரலாகவே கருதியது 'இசைமுரசு' நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் வெண்கலக் குரலாகும். 1925ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் பிறந்து, நாகூரைத் தம் ஊராக்கிக்கொண்ட அவர், 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் சென்னையில் இறையடி சேர்ந்தார். முறையாக இசை பயிலாதவர். எனினும், ஒலிபெருக்கி இல்லாத கூட்டத்திலும் கடைசி வரிசைவரை சென்றடையும் கணீரென்ற குரலை இறைவன் அவருக்கு அருளியிருந்தான். 1961ஆம் ஆண்டு வெளிவந்த 'பாவமன்னிப்பு' படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு இணைந்து அவர் பாடிய பெருநாள் பாடலை அறியாதார் இலர்.

விடியற்காலையில் தேநீர்க் கடைகளில் பிள்ளையார் பாடலும், ஏசுநாதர் பாடலும், ஹனிபாவின் பாடலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்த காலத்தை இச்சமவெளி நன்கறியும். 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் அவருடைய பாடல் பள்ளிவாசல் வாயிலைக் காணாதவர் நெஞ்சையும் தொட்டது. படைத்தவனிடம் கேள், அவன் இல்லையென்று சொல்வதில்லை என்பது அதன் சாரம். ஏகத்துவத்தின் எளிய பாடம் அது. அப்பாடலை இயற்றியவர் ஆர். அப்துல் சலாம் என்பதைப் பாடியவரின் புகழொளியில் நாம் மறந்துவிடலாகாது.

இசைக்கருவிகளோடு பாடுதல் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை ஈண்டு ஆராயப் புகவில்லை. ஆயினும், இனிய குரலை நற்பணிக்குப் பயன்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதித்தார்கள் என்பதில் ஐயமில்லை. தொழுகை அழைப்பின் சொற்களைக் கனவிற் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஜைத் (ரலி) அவர்கள். எனினும், அவற்றைப் பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு நபிகளார் பணித்தார்கள். பிலாலின் குரல் மிக்க வளமுடையது என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் குர்ஆன் ஓதிய இனிமையைக் கேட்டு, தாவூத் நபியின் குடும்பத்தாரது இன்னிசை அவருக்கு வழங்கப்பட்டுள்ளதாகப் பாராட்டினார்கள்.

குரலுக்குப் பின்னே

பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றில் மற்றொரு செய்தி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. சுவனத்தில் பிலாலின் காலடி ஓசையைக் கேட்டதாகக் கூறிய நபிகளார், அவர் செய்த எந்த நற்செயல் அதற்குக் காரணம் என்று வினவினார்கள். உலகமே போற்றும் தம் பாங்கொலியைப் பிலால் குறிப்பிடவில்லை. உளூச் செய்தபோதெல்லாம் தம்மால் இயன்ற அளவு தொழுது வந்ததையே பணிவோடு சொன்னார்கள். ஊரறிந்த குரலுக்குப் பின்னே ஊரறியாத உழைப்பு ஒன்று இருந்தது.

வானொலிக் குரல்களுக்கும் இது பொருந்தும். ஒரு சொல்லைத் தவறாக உச்சரிக்கலாகாது, உறுதிப்படாத செய்தியை வாசிக்கலாகாது, நேயர் மனம் புண்படப் பேசலாகாது என்னும் கட்டுப்பாடு அவர்களுக்கு இருந்தது. ஒலிவாங்கியின் முன்னே தாம் தனித்து அமர்ந்திருந்தாலும், எண்ணற்றோர் கேட்கின்றனர் என்ற அச்சம் அவர்களைக் காத்தது. நம்முடைய ஒவ்வொரு சொல்லையும் கேட்டுப் பதிவு செய்வோர் அருகிலேயே உள்ளனர் என்று 'காஃப்' அத்தியாயம் நம்மை எச்சரிக்கும்போது, எத்துணை அச்சம் நமக்கு வேண்டும்!

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி உண்டு. அன்று வானொலி நிலையத்தில் சிலருக்கு மட்டுமே வாய்த்த ஒலிபரப்பு இன்று எல்லார்க்கும் வாய்த்துவிட்டது. பொறுப்பு மட்டும் அவ்வாறு பரவவில்லை. யாரோ அனுப்பிய குரற்பதிவைக் கேட்டதும், உண்மையா என்று ஆராயாமல் அடுத்தவர்க்கு அனுப்பிவிடுகின்றோம். ஒரு நொடியில் ஓர் ஊரின் நல்லிணக்கம் குலைகின்றது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்னும் கருத்தைத் திருமறை பதினான்கு நூற்றாண்டுகட்கு முன்னரே உரைத்துவிட்டது. பழைய குரல்களை வியந்து போற்றும் நாம், அவற்றைக் காத்த ஒழுக்கத்தைக் கைவிடுவது முறையாகுமா?

நாம் செய்ய வேண்டுவது

மறைந்தோரை நினைப்பதிலும் ஓர் அளவு வேண்டும். முகத்துக்கு முன்னே வரம்பு மீறிப் புகழ்வதை நபிகளார் வெறுத்தார்கள். ஆதலின் வீண் புகழ்ச்சி வேண்டா. அவர்தம் நல்லனவற்றை எடுத்துரைப்போம். மனிதன் இறந்தபின் அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன என்றும், நிலையான தருமம், பயன்தரும் கல்வி, பெற்றோருக்காகப் பிரார்த்திக்கும் நன்மக்கள் ஆகிய மூன்றின் பயன் மட்டுமே தொடரும் என்றும் நபிமொழி கூறுகின்றது. நல்ல சொல்லைக் கேட்டுத் திருந்தியவன் ஒருவன் உளனாயின், அச்சொல் பயன்தரும் கல்வியேயன்றோ?

நம் இல்லங்களின் பரண்களில் பழைய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் தூசி படிந்து கிடக்கலாம். அவற்றை எறிந்துவிடாமல் காக்க வேண்டும். பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் குறித்து வைக்க வேண்டும். அத்துடன், நம் தெருப் பள்ளிவாசலில் நாள்தோறும் ஐவேளையும் நம்மை அழைத்து, புகழேதும் பெறாமல் மறைந்துபோன முஅத்தின்களின் பெயர்களையும் முதியோரிடம் கேட்டெழுதி வைப்போமாக. எந்த வானலையும் அவர்களைச் சுமந்து சென்றதில்லை. ஆயினும், நம் தந்தையரை விடியலில் எழுப்பியது அவர்கள் குரலே.

நற்குரல்களை நமக்களித்த வல்ல நாயன், நம் நாவுகளையும் நன்மையின்பாலே திருப்பி, நம்மால் எவர்க்கும் தீங்கு நேராமற் காத்தருள்வானாக! ஆமீன்.