கன்னிவாடிச் செம்மறியும் அலகு வெட்டாத கோழியும்

பல்லடத்தில் உள்ள கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு பண்ணைக் கொள்முதல் விலையை அன்றாடம் அறிவிக்கிறது. அதைப் பார்த்துத்தான் கோபிசெட்டிபாளையத்துக் கோழிக்கடைப் பலகைகளில் சாக்பீஸ் எழுத்து மாறுகிறது. சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் பிளாஸ்டிக் தட்டில் அடுக்கியிருப்பதும் பெரும்பாலும் அதே கோழிதான். கூடுதல் விலை, பொட்டலத்துக்கும் குளிருக்கும்.

அந்தக் கோழியைத் திட்டித் தீர்ப்பது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. "ஊசி போட்டு ஊத வைக்கிறாங்க" என்று டீக்கடையில் சொல்லாதவர் இல்லை. உண்மை வேறு. பிராய்லர் சுமார் 40 நாளில் இரண்டு கிலோ எட்டுவதற்குக் காரணம், பல தலைமுறையாகத் தேர்ந்து உருவாக்கிய இனமும் மக்காச்சோளம், சோயா கலந்த தீவனமும்தான். ஹார்மோன் ஊசி இல்லை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தனித்தனியாக ஊசி போட்டால் எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றி. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கப்படும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்கும் மற்ற உணவுக் கால்நடைகளுக்கும் தரக் கூடாது என்று மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது.

கொங்கு நாடு பிராய்லரின் தலைநகரமாக ஆனதற்கு உடுமலைப்பேட்டையில் 1980-களில் சகோதரர்கள் இருவர் தொடங்கிய சுகுணா நிறுவனமும், அது பரவலாக்கிய ஒப்பந்த முறையும் முக்கியக் காரணம். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. மலிவாகவும் ஒரே சீராகவும் கறி கிடைக்க இது வழி செய்தது. ருசி என்பது வேறு கணக்கு. இளங்கோழியின் சதை மெத்தென்று இருக்கும். குழம்பில் சாறு இறங்காது.

சாறு இறங்க வேண்டுமானால் நாட்டுக்கோழிக்குத்தான் போக வேண்டும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி மோகம் 2012-இல் சரிந்து ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தார்கள். அதே பாணியில் நாட்டுக்கோழி வளர்ப்புத் திட்டங்களும் ஆசை காட்டிப் பணம் திரட்டின. வழக்குகள் கோவை நீதிமன்றம் வரை போயின. மோசடி ஒருபுறம் இருக்க, ஒழுங்காக நடக்கும் பண்ணைகளும் பல உண்டு. ஆனால் அங்கே கொட்டகையில் அடைத்து, தீவனம் போட்டு, மூன்று மாதத்தில் எடைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் கலப்பினம். காட்டில் மேயும் அசல் நாட்டுக்கோழியான சிறுவிடை ஒரு கிலோவைத் தொட ஐந்தாறு மாதம் ஆகும். பெருவிடையில் எடை கூடும், சதையும் இறுகும். கடைப் பலகையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? உயிர்க்கோழியாக இருந்தால் முதலில் அலகைப் பார்க்க வேண்டும். அடைத்து வளர்க்கும் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் என்பதால் பண்ணைகளில் அலகு நுனியைத் தீய்த்து வெட்டிவிடுவது வழக்கம். குப்பையைக் கிளறிப் பிழைக்கும் கோழிக்கு அலகு முழுதாக, கூர்மையாக இருக்கும். முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக்கோழியை, நிறம் பழுப்பாக இருந்தால், நாட்டுக்கோழி என்று தலையில் கட்டுவதும் உண்டு. அதையும் அலகே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து நெஞ்செலும்பின் பின் நுனியை விரலால் அழுத்த வேண்டும். வளைந்து கொடுத்தால் இளசு. கல்லாக நின்றால் முற்றல். சேவல் என்றால் காலில் உள்ள முள்ளின் நீளமே வயதைச் சொல்லும். முற்றல் மோசமில்லை, அதற்கு ரசமும் குழம்பும் இருக்கின்றன. பள்ளிபாளையம் சிக்கன் போல வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் போட்டு வதக்கி எடுப்பதற்குத்தான் அது ஒத்துவராது.

"வாட்டித் தரட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டால் தயங்காமல் தலையாட்டலாம். தோலை உரித்துவிட்டால் நாட்டுக்கோழிக்குக் கொடுத்த காசில் பாதி வீண். இறகைக் கையால் பிடுங்கி, மஞ்சள் பூசி, நெருப்பில் புரட்டும்போது மிச்சமிருக்கும் பூமுடி கருகி, தோல் இறுகி, கொழுப்பு லேசாகப் பொரிந்து மணம் எழும். முன்பு தென்னோலைத் தீ. இப்போது பல கடைகளில் கேஸ் பர்னர். ஓலைத் தீயின் மணம் அதில் வராது என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்வது சரிதான்.

ஆட்டுக்கறிக்கு வருவோம். கோபியைச் சுற்றி வாய்க்கால் பாயும் நெல்வயல். நல்ல செம்மறி வருவது தெற்கே, காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து வறண்ட நிலத்திலிருந்து. அங்கே கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், மேய்ப்பவர் கூடவே அலைய வேண்டியதில்லை. கோடையில் புல் காய்ந்த பிறகும் உதிரும் வெள்வேலங்காய் ஆட்டைத் தாங்கும். அங்கே மேய்வது பெரும்பாலும் மேச்சேரி இனம்: செம்பழுப்பு நிறம், கம்பளி இல்லாத குட்டை முடி, கறிக்கும் தோலுக்கும் பேர் போனது. இந்த இனத்துக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. மூலனூருக்குப் பக்கத்தில் கன்னிவாடியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. கோபிக்காரர்களுக்குப் பக்கம் என்றால் வியாழக்கிழமை கூடும் புன்செய் புளியம்பட்டிச் சந்தை. நம்பியூர் வழியாகப் போய்விடலாம். முழு ஆடு வாங்க நினைப்பவர், பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

அரை கிலோ, ஒரு கிலோ வாங்குகிறவருக்குக் கடைதான் கதி. தொங்குவது செம்மறியா வெள்ளாடா என்று பாருங்கள். வெள்ளாட்டுக் கறியின் மேல்பரப்பு கையில் பிசுபிசுவென ஒட்டும், ஓரிரு முடியும் அதில் ஒட்டியிருக்கும். செம்மறியில் தோலடிக் கொழுப்பு தடித்து வெளுத்திருக்கும். நகராட்சி அறுப்புக் கூடத்தில் மருத்துவர் பார்த்து வைத்த முத்திரை இருந்தால் நிம்மதி. விடிகாலையில் அறுத்ததைக் காலை எட்டு மணிக்குள் வாங்கிவிடுவது நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற பழக்கம்.

பன்றிக்கறி தேடுவோருக்கு 'வெண்பன்றி இறைச்சி' என்று பலகை போட்ட கடைகள் கொங்கு நகரங்களில் உண்டு. பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்ததா என்று கேட்டுக்கொண்டு வாங்கி, நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும். பன்றி வயிற்றுக் கறியை உப்பும் சர்க்கரையும் பிசறிச் சில நாள் ஊறவைத்துப் புகை போட்ட பேக்கன் மட்டும் உள்ளூர்க் கடையில் கிடைப்பது அரிது. பக்கத்து மாநிலத்தில் கூத்தாட்டுக்குளம் அருகே 1973-இல் தொடங்கிய கேரள அரசின் 'மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' அதைத் தயாரித்து விற்கிறது. அதற்காக ஏங்குவோர், பாட்டிமார் செய்த உப்புக்கண்டத்தை ஒருமுறை முயன்று பார்க்கலாம். ஆட்டுக்கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த் தூளும் பிசறி, கயிற்றில் கோத்து, காக்கைக்கும் ஈக்கும் வலை கட்டி, ஈரம் போகும்வரை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். நல்லெண்ணெயில் பொரித்துத் தட்டினால் பழையசோற்றுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி, கிராமங்களில் இன்னும் நடக்கும் கூறு. பத்துப் பதினைந்து வீட்டார் சேர்ந்து ஊரில் மேய்ந்த கிடாயைப் பேசி வாங்கி, அறுத்து, எலும்பு, தொடை, ஈரல், குடல் எல்லாம் எல்லோருக்கும் வருமாறு சம கூறுகளாகப் பிரிப்பார்கள். ஆடு யாருடையது, என்ன தின்றது என்று எல்லோருக்கும் தெரியும். தரகும் கடை லாபமும் கிடையாது. நகரத்தில் இருப்பவர்களையும் கேட்டால் சேர்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக் கூறுக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் ஐப்பசி பிறக்கும்வரை காத்திருக்காமல் புரட்டாசியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.