நெத்திலி அவியலுக்கு வெள்ளை ஒயின் செட் ஆகுமா? 'சாவிஞோன் பிளாங்க்' திராட்சையின் கதை

லீவுக்கு ஊருக்கு வந்த உறவினர் ஒயின் பாட்டிலை எடுத்து வைக்கிறார். தக்கலை வீட்டு மேசையில் இருப்பதோ மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ரெண்டும் சேருமா? பார்ப்போம்.

இது என்ன திராட்சை?

சாவிஞோன் பிளாங்க், பிரான்ஸைச் சேர்ந்த பச்சைத் திராட்சை. இதன் ஒயினில் புளிப்பு தூக்கலாக இருக்கும். எலுமிச்சை, குடைமிளகாய் வாசம் வரும். குடைமிளகாயில் உள்ள அதே வகை வேதிப்பொருள் இந்தத் திராட்சையிலும் இருப்பதே காரணம்.

இந்தியாவில் விளைகிறதா?

விளைகிறது. நாசிக்கில் சுலா நிறுவனம் 1997-ல் இதைப் பயிரிட்டு, 2000-ல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே ஆண்டுக்கு ரெண்டு முறை கவாத்து செய்தாலும் அறுவடை ஒன்றுதான். குளிர்கால இரவுகளில் பழத்தின் புளிப்பு குறையாமல் நிற்கும். நம்ம கம்பம் பன்னீர் திராட்சை வேறு ரகம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கறுப்புத் திராட்சை அது.

மீனுக்கு ஏன் வெள்ளை ஒயின்?

சிவப்பு ஒயின் குடித்தால் மீன் கவிச்சி அடிக்கும் என்பார்கள். ஒயினில் உள்ள இரும்புச்சத்துதான் அதற்குக் காரணம் என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2009-ல் கண்டறிந்தனர். சிவப்பு ஒயின்களில் இரும்பு பொதுவாகக் கொஞ்சம் அதிகம். ஆனால், எல்லா சிவப்பு ஒயினிலும் அப்படி இல்லை.

நம்ம சாப்பாட்டில் எது பொருந்தும்?

* நெத்திலி அவியல்: நல்ல ஜோடி. மாங்காயின் புளிப்புக்கு ஈடுகொடுக்க ஒயினிலும் புளிப்பு வேண்டும். இல்லையென்றால் ஒயின் சப்பென்று இருக்கும்.
* பொரித்த சாளை, கணவாய்: எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு வெட்டிவிடும்.
* காரமான மீன்கறி: இங்கேதான் சிக்கல். ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும். லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் இதற்குப் பரவாயில்லை.

கவனிக்க வேண்டியது

தமிழ்நாட்டில் மது வாங்கக் குறைந்தபட்ச வயது 21. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 'ஒயின் நல்லதுதானே' என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பொரித்த மீன் மேல் எலுமிச்சையைப் பிழிந்தாலே போதும். இந்த ஒயின் செய்யும் வேலையை அது செய்துவிடும். நம்ம வீடுகளில் காலங்காலமாக நடப்பதும் அதுதானே!