அரபு நாவலும் அரபுக் கல்லூரி மாணவரும்

பூட்டுக்குப் பெயர்பெற்றது திண்டுக்கல். 2019இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வூரிலும் வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கங்களிலும் இருந்து வந்து அரபு பயிலும் மாணவரிடம் பூட்டுக்கு அரபுச் சொல் யாது எனக் கேட்டால், 'குஃப்ல்' எனத் தயங்காமல் விடை வரும். அதன் பன்மை திருக்குர்ஆனின் 47ஆம் அத்தியாயத்தில் உள்ளது. சாவி 'மிஃப்தாஹ்' என்பதும் அவர் அறிந்ததே. 'பூட்டில் சாவியைத் திருப்பினான்' என்று சொல்லச் சொன்னால்தான் தடுமாறுகிறார். 'அதார' என்னும் வினையை அவர் அந்த இடத்தில் சந்தித்ததில்லை. தோல் பதனிடுதலுக்கும் இதே நிலைதான்: 'திபாகத்' என்னும் சொல்லை ஃபிக்ஹின் தஹாரத் பாடத்தில் படித்திருப்பார்; ஊரிலுள்ள தோல் தொழிற்கூடத்தில் நடப்பதை அரபியில் நான்கு வரி எழுத இயலாது.

இது பாடத்திட்டத்தின் பிழையன்று. இறைவேதத்தையும் நபிமொழியையும் சட்ட நூல்களையும் விளங்கவே அது வகுக்கப்பட்டது. ஆனால் வீடும் தெருவும் சந்தையும் நஹ்வு நூல்களில் இல்லை, கதைகளில் இருக்கின்றன. கதை படிப்பது வீண்பொழுது என்பாருக்கு ஒன்று சொல்லலாம்: சமுதாயச் சீர்திருத்தத்தில் முன்னின்ற இலங்கை அறிஞர் சித்திலெப்பையே 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை எழுதினார்.

எந்த நூலில் தொடங்குவது? ஹைகலின் 'ஸைனப்' (1913) வேண்டாம். உரையாடல்கள் எகிப்தியப் பேச்சு வழக்கில் அமைந்தவை. நஜீப் மஹ்ஃபூழின் கெய்ரோ முத்தொகுதி (1956–57) உரையாடலிலும் இலக்கிய அரபியே பயில்வது. எனினும் நீளம் மலைக்க வைக்கும். நாம் பரிந்துரைப்பது தாஹா ஹுசைனின் 'அல்அய்யாம்' முதற்பாகம் (நூல்வடிவில் 1929). கண்டிப்பாகச் சொன்னால் அது தன்வரலாறு. ஆயினும் ஆசிரியர் தம்மைப் படர்க்கையில் 'சிறுவன்' என்றே கூறிச் செல்வதால் நாவலாகவே படிக்கலாம். குர்ஆனை மனனம் செய்து, மறந்து, தந்தையின் முன் நாணி, மீண்டும் மனனம் செய்யும் சிறுவன் நம் மாணவருக்கு அந்நியன் அல்லன். அல்ஃபிய்யாவை மனனம் செய்யாமலே செய்ததாகத் தந்தையிடம் காட்டிக்கொள்ளும் பகுதியில் வகுப்பு சிரிக்காமல் இராது! ஆசிரியர் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். சொல்லச் சொல்லப் பிறர் எழுதியது இந்நூல். அதனால் தொடர்கள் காதுக்கு இசைந்தவை. ஒரே சொல் மீண்டும் மீண்டும் வரும். கற்பவருக்கு இதைவிடப் பேருதவி வேறில்லை.

தாஹா ஹுசைனின் கருத்துகள் அனைத்தும் ஏற்கத்தக்கவை அல்ல. அறியாமைக் காலக் கவிதை பற்றி 1926இல் அவர் வெளியிட்ட நூலை அஸ்ஹர் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். இந்நூலிலும் மக்தப் ஆசிரியரைப் பற்றிய எள்ளல் உண்டு. ஆகவே உஸ்தாதின் துணையோடு படிப்பதே முறை.

ஒரு பக்கத்தை முதலில் அகராதியின்றியே படித்து முடிக்க வேண்டும். பொருளோட்டத்தைத் தடுக்கும் சொற்களை மட்டும் பின்னர் 'அல்முன்ஜித்'தில் தேடலாம். அது வேர்ச்சொல் வரிசையில் அமைந்தது. ஸர்ஃபு பயின்ற மத்ரஸா மாணவர் வேரை நொடியில் கண்டுகொள்வார். பல்கலைக்கழகத்தில் அரபு தொடங்கியவர் இங்கேதான் திணறுவார். குறிப்பேட்டில் 'அதார – திருப்பினான்' என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. சாவி, பூட்டு, இடையிலுள்ள 'ஃபீ' ஆகிய அனைத்தோடும் முழுத்தொடராக எழுத வேண்டும். முதல் முப்பது பக்கங்கள் மிக மெதுவாகவே நகரும்.